சீமந்தினியின் புன்னகை



எடமலைப்பட்டி புதூரில் பேருந்து ஏறினால் மலைக்கோட்டை தொலைவில்லை. அங்கே வீற்றிருக்கும் ஈசனுக்குத் தாயுமானவர் என்று பெயர். காவிரி பெருகியதால் அக்கரையிலேயே நின்றுவிட்ட தாயின் உருவில் வந்து, வணிகர் குலப்பெண் இரத்தினாவதிக்குப் பேறு பார்த்தவர் அவர் என்பது தலபுராணம். ஆற்றைக் கடந்தால் திருவரங்கம். பகற்பத்தின் பத்தாம் நாள் நம்பெருமாள் நாச்சியார் திருக்கோலத்தில் எழுந்தருளுகிறார். ஆணுரு பெண்ணுருவாவது இவ்வூராருக்குப் புதிய செய்தி அன்று. ஆயினும் இவ்விரண்டு இடத்திலும் கோலம் கலைந்துவிடுகிறது. வெள்ளம் வடிந்ததும் உண்மைத் தாய் வந்து சேர்கிறாள். மறுநாள் அரங்கன் அரங்கனாகவே காட்சி தருகிறான். கலையாத கோலம் ஒன்று உண்டானால் வீட்டார் என்ன செய்வர்? அதைக் கேட்ட கதை ஒன்று தமிழில் உண்டு; படிப்பார்தாம் அருகிவிட்டனர்.

தென்காசிப் பாண்டியர் மரபில் வந்த அதிவீரராமர், நைடதம் பாடி நளனைத் தமிழ் வீடுகளுக்குள் கொண்டுவந்தார். அவருக்குத் தமையன் முறையினர் வரதுங்கராம பாண்டியர். வடமொழி ஸ்காந்தத்தின் ஒரு பகுதியான பிரமோத்தர காண்டத்தைத் தமிழில் தந்தவர் அவர். தம்பி பாடியது நளன் கதை. தமையன் எடுத்த நூலிலோ நளனுடைய பேரன் சந்திராங்கதன் வருகிறான். சோமவார விரதத்தின் பெருமை கூறும் பகுதி என்று தலைப்பிலேயே தெரிந்துவிடுவதால், கதைச்சுவை நாடுவோர் அதைப் புரட்டாமலே வைத்துவிடுகின்றனர். இழப்பு அவர்களுக்கே.

சித்திரவர்மன் மகள் சீமந்தினி. பதினான்காம் வயதில் கணவனை இழப்பாள் என்று ஒரு சோதிடர் வாய்திறந்துவிடுகிறார். யாக்ஞவல்கியரின் மனைவி மைத்திரேயி திங்கட்கிழமை நோன்பை அவளுக்கு உபதேசிக்கிறாள். சந்திராங்கதனோடு மணம் நடக்கிறது. ஒருநாள் யமுனையில் படகு கவிழ்ந்து அவன் மறைகிறான், உடலும் கிடைக்கவில்லை. நாகலோகத்தில் தட்சகனுடைய விருந்தினனாக அவன் இருப்பது படிப்போருக்குத் தெரியும், வீட்டாருக்குத் தெரியாது. கைம்பெண் கோலத்திலும் அவள் நோன்பை விடவில்லை. மூன்றாண்டு கழித்து யமுனைக்கரையில் குதிரைமேல் வந்த ஒருவன் அவளை யார் என்று கேட்கிறான். அந்தக் குரலைக் கேட்டு அவள் திகைக்கும் இடத்தில், இன்றைய மர்மக்கதை ஆசிரியர்கள் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது. தொலைந்தவன் கிடைத்தான், நிடதநாட்டில் சீமந்தினி அரசியானாள். திங்கள்தோறும் அந்தணத் தம்பதியரை அழைத்து, அவர்களைச் சிவனும் உமையுமாகப் பாவித்துப் பூசித்துப் பொருள் வழங்கலானாள்.

இதற்குப் பின் வருவதே இன்றைய பொருள்.

விதர்ப்ப நாட்டில் வேதமித்திரன், சாரசுவதன் என்று இரு நண்பர்கள். முன்னவன் மகன் சுமேதன். பின்னவன் மகன் சாமவான். இருவரும் ஒன்றாகவே வளர்ந்து, ஒன்றாகவே ஓதியவர்கள். மணம் செய்துகொள்ளக் கையில் பொருளில்லை. அரசனிடம் சென்று கேட்டார்கள். அரசனுக்கு விளையாட்டுப் புத்தி. கொடுப்பதற்குக் கருவூலம் இருக்க, உங்களில் ஒருவர் பெண்வேடம் பூண்டு கணவன் மனைவியாகச் சீமந்தினியிடம் போங்கள் என்றான். வஞ்சனை தகாது என்று இளைஞர்கள் மறுத்தனர். அரசாணையை மீறுவதும் தகாது என்று அவன் வாயடைத்தான். சாமவானுக்குச் சேலையும் மையும் வந்து சேர்ந்தன.

சீமந்தினி அவர்களைப் பார்த்தாள். வேடம் அவளுக்கு உடனே புலப்பட்டது, புன்னகைத்தாள். கதையின் உயிர் அந்தப் புன்னகையில் இருக்கிறது. கள்ளத்தைக் கண்டுபிடித்தவள் காவலரை அழைத்திருக்கலாம். அவளோ அவர்களை அமர்த்தி, ஒருவனை ஈசனாகவும் மற்றவனை உமையாகவும் எண்ணி முழுமனத்தோடு பூசித்து அனுப்பினாள். பில்லி இல்லை, சூனியம் இல்லை, மந்திரவாதியின் உடுக்கை இல்லை. ஒருத்தி நம்பினாள், நம்பியபடி ஆயிற்று. திரும்பும் வழியில் சாமவான் சாமவதி ஆகிவிட்டிருந்தாள்.

தன்னை முதலில் உணர்ந்தவள் அவளே. தோழனிடம் தன் காதலை மறைக்காமல் சொல்கிறாள். அவன் வேடிக்கை என்று நினைத்து முன்னே நடக்கிறான். அவள் விடவில்லை, என்னைப் பார் என்கிறாள். பார்த்தவன் அதிர்ந்து நிற்கிறான். பெற்றோரை ஏய்த்ததன் பயன் இது என்று அவளையும் தன்னையும் நொந்துகொண்டு, முதலில் வீட்டுக்குப் போவோம், இவ்வுரு நிலைக்குமாயின் உன் தந்தை கொடுக்க ஏற்பேன் என்று வடமொழி மூலத்தில் பேசுகிறான். வெறுக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அஞ்சுகிறான், அச்சமும் அவளைப் பற்றியதன்று, வீட்டைப் பற்றியது.

வீட்டில் நகைச்சுவை நின்றுவிடுகிறது. சாரசுவதனுக்கு ஒரே மகன். அவனுடைய கல்வி, குலத்தின் தொடர்ச்சி, நீர்க்கடன் யாவும் போயின என்று அவன் அரசன் வாயிலில் அழுகிறான். விளையாட்டாகச் சொன்ன அரசனே உமையை நோக்கித் தவம் கிடக்கிறான். மகனை மகனாகவே தரவேண்டும் என்பது வேண்டுதல். தேவி மறுக்கிறாள்: தன் அடியவள் செய்ததைத் தானும் மாற்ற இயலாது. சாமவதி சுமேதனுக்கு மனைவியாகட்டும். சாரசுவதனுக்கு வேறொரு மகன் பிறப்பான்.

இதே இதிகாச உலகில் சிகண்டி கதையும் உண்டு. துருபதன் மகளை மகனென்று வளர்த்த குடும்ப இரகசியம் மணவறையில் உடைகிறது. தூணாகர்ணன் என்னும் இயக்கன் தன் ஆண்மையைக் கடன் கொடுத்துக் காக்கிறான். அங்கே உருமாற்றம் குடும்ப மானத்தைக் காத்தது. இங்கேயோ குடும்பம் விரும்பாத உருமாற்றத்தைக் குடும்பமே ஏற்கவேண்டியதாயிற்று. இரண்டில் கடினமானது பிந்தியதே.

புராணம்தானே என்று தள்ள இயலாதபடி நீதிமன்றத் தீர்ப்புகள் குறுக்கே நிற்கின்றன. 2018 அக்டோபரில் தூத்துக்குடிக் கோயிலொன்றில் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் மணந்தனர். பதிவு செய்ய அதிகாரிகள் மறுத்தனர். 2019 ஏப்ரலில் மதுரைக் கிளையில் நீதியரசர் ஜி. ஆர். சுவாமிநாதன், இந்துத் திருமணச் சட்டத்தின் ‘மணமகள்’ என்னும் சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று தீர்ப்பளித்தார். சாமவதிக்கு மணப்பந்தல் கிடைத்துவிட்டது. ஆனால் சாமவான் சாமவானாகவே இருந்து சுமேதனை விரும்பியிருந்தால்? 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அக்காதலைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கியது; 2023 அக்டோபரில் அதற்கு மணவுரிமை தர மறுத்தது. புராணம் கோடு கிழித்த இடத்திலேயே சட்டமும் நிற்பது வியப்பளிக்கிறது. சேலை கட்டியபின் வரம் தந்த கதை, கட்டுமுன் இருந்த நட்பைப் பற்றி வாய்திறக்கவில்லை. ஒன்றாக ஓதி, ஒன்றாக வறுமைப்பட்டு, ஒன்றாகப் பொய் சொல்லவும் துணிந்த இருவரிடையே அதற்குமுன் ஒன்றுமே இல்லை என்று நம்புவது, சீமந்தினி செய்ததைவிடப் பெரிய மாயமாகத் தோன்றுகிறது.

சாரசுவதனின் கண்ணீரும் ஓயவில்லை. 2021-இல், மதுரையிலிருந்து சென்னைக்கு வந்துவிட்ட இரு பெண்களின் பெற்றோர் காணவில்லை என்று காவல்நிலையத்தில் புகார் கொடுத்தனர். வழக்கைக் கேட்ட நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ், இப்பொருளைத் தாம் போதிய அளவு அறியவில்லை என்று வெளிப்படையாகக் கூறி, உளவியலாளர் ஒருவரிடம் சென்று கற்றபின் ஜூன் 7 அன்று ஆணை பிறப்பித்தார். பெற்றோரையும் கலந்துரையாடலுக்கு அனுப்பினார். 2025 மே மாதத்தில் அதே நீதிமன்றம், குடும்பத்தை அமைக்கும் வழி மணம் ஒன்றுமட்டுமன்று என்று கூறி, வீட்டார் தடுத்துவைத்த இளம்பெண் ஒருத்தியை அவள் விரும்பியபடி செல்லவிட்டது.

கவிஞர்களுக்கு இக்கதையில் பாடப்படாத இடங்கள் பல உள. விதர்ப்பத்துக்குத் திரும்பும் அந்தக் காட்டுவழி ஒன்று. முன்னே நடப்பவன் திரும்பிப் பார்ப்பதற்கு முன்னுள்ள நொடி ஒன்று. இன்னொன்று சாரசுவதனின் வீடு. தேவி சொன்னபடி அங்கே ஓர் ஆண்குழந்தை பிறக்கிறது. அதைத் தொட்டிலில் இட்டு ஆட்ட மணமகள் பிறந்தகம் வருகிறாள். தம்பி வளர்ந்து, வீட்டுச் சுவடிகளில் எழுதியிருக்கும் சாமவான் என்பவர் யார் என்று ஒருநாள் கேட்பான். அக்கேள்வி எழும்போது சாரசுவதன் திண்ணையில்தான் அமர்ந்திருப்பான். சாமவதியும் உள்ளே இருப்பாள்.