லேசர் செய்யும் முன் வாங்க வேண்டிய காகிதம்

கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும் என்று நம் குடியிருப்புப் பிள்ளைகள் சிலர் லேசிக் பற்றி விசாரிக்கிறீர்கள். நல்லது.

லேசிக், ஸ்மைல், பி.ஆர்.கே. எல்லாமே கண்ணின் முன்பக்கமுள்ள கார்னியாவின் வளைவை லேசரால் மாற்றுபவை. கார்னியாவின் கனமே சுமார் அரை மில்லிமீட்டர்தான். மிகவும் மெலிந்திருந்தால் லேசர் வேண்டாம் என்பார்கள், சிலருக்கு ஐ.சி.எல். லென்ஸை உள்ளே வைப்பார்கள். காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அளவெடுக்கும் முன் டாக்டர் சொல்லும் நாட்களுக்கு அதை நிறுத்த வேண்டும். நாற்பதைத் தாண்டினால் பேப்பர் படிக்க எப்படியும் கண்ணாடி வரும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் பேச வந்தது வேறு. இன்று லேசர் செய்கிறவருக்கும் வயதானால் புரை வரும். அப்போது வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிட கார்னியாவின் வளைவு வேண்டும். லேசரால் அது மாறியிருப்பதால் கணக்குத் தப்பலாம். பழைய அளவுகள் இருந்தால் டாக்டருக்கு உதவும். ஆகவே லேசருக்கு முன் எடுத்த ரிப்போர்ட், கண் பவர், செய்த தேதி எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். முப்பது வருஷம் கழித்து ஆஸ்பத்திரியில் தேடிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். டெபாசிட் ரசீதைத் தொலைத்துவிட்டுக் கவுண்டரில் நின்றவர்களை நிறையப் பார்த்தவன் நான். வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.