நாணயம் எங்கே பிறக்கிறது?



தொழில் ஸ்தாபனங்களில் ஒழுக்கம் எதனால் வளர்கிறது, எதனால் கெடுகிறது என்பதுபற்றிச் சில வார்த்தைகள் பேச வந்திருக்கிறோம். "நல்ல துரை வாய்த்தால் நல்ல தோட்டம், இல்லாவிட்டால் நம் தலைவிதி" என்று சொல்லிப் பழகிவிட்டோம். அது பாதி உண்மைதான். மனிதனுக்குக் காசு எந்த வழியில் வருகிறது, அவன் செய்வதை யார் பார்க்கிறார்கள் என்பவையே மீதிப் பாதி.

அந்நாளைய கங்காணி முறையை எண்ணிப் பாருங்கள். கங்காணி அயலார் அல்லர். நம் ஊர்க்காரர், பலருக்கு உறவினரும்கூட. ஆயினும் காய்ச்சலில் கிடந்தவனையும் பெரட்டுக்கு விரட்டிய கங்காணிகள் உண்டு. ஏன்? வேலைக்கு இறங்கும் ஆள் ஒவ்வொருவருக்கும் அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. ஆள் படுத்தால் காசு போயிற்று! இரக்கப்பட்டால் நஷ்டம் என்று ஓர் ஏற்பாடு இருக்கும்போது, எத்தனை பேர் இரக்கப்படுவார்கள்? 1938இல் இந்திய அரசாங்கம் மலாயாவுக்குக் கூலியாட்களை அனுப்புவதைத் தடை செய்தது. ஆள் கட்டும் அந்தத் தொழில் ஓய்ந்தது உபதேசத்தால் அன்று, தடையால்.

இனி, பால் நிறுக்கும் கொட்டகைக்கு வருவோம். பாலின் எடையோடு, அதில் ரப்பர் எவ்வளவு என்பதையும் கணக்கிட்டுக் கூலி போடும் முறை நியாயமானதே. ஆனால், வாளியை நன்றாகக் கலக்காமல் மாதிரி எடுத்தால் என்ன ஆகும்? தொழிலாளி போன பிறகு எண்ணைக் குறித்தால் யார் சாட்சி? "இம்மாதம் செலவு குறைய வேண்டும்" என்று மட்டும் மேலிடம் சொல்லும். எப்படிக் குறைந்தது என்று கேட்காது. திருடு என்று யாரும் கட்டளையிடுவதில்லை. கேளாமல் இருப்பதே கட்டளையாகித் தண்டலின் காதிலும், கிராணியின் பேனாவிலும் இறங்குகிறது. தராசு பொய் சொல்கிறது என்று நம்பும் தொழிலாளியோ பாலில் தண்ணீர் கலக்கிறான். ஒரு பொய் இன்னொரு பொய்யைப் பெறுகிறது.

அண்மைக் காலச் செய்தி ஒன்று. 2020 ஜூலையில், மலேசிய ரப்பர்க் கையுறை நிறுவனம் ஒன்றின் சரக்கை அமெரிக்கச் சுங்க இலாகா தடுத்தது. கட்டாய உழைப்பு என்பது குற்றச்சாட்டு. நேப்பாளம், வங்காளதேசம் போன்ற நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர்கள் வேலைக்காக ஏஜெண்டுகளுக்குப் பணம் கட்டிக் கடனாளிகளாய் வந்திருந்தனர். நம் பாட்டன்மார் பட்ட கடனின் மறுபிறவி அது! தடைக்குப் பிறகு நிறுவனம் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2021 செப்டம்பரில் தடை நீங்கியது. அதற்குள் மனம் கனிந்துவிட்டது என்றா நினைக்கிறீர்கள்? நாணயமின்மை நஷ்டமாயிற்று, அதுதான் காரணம்.

ஆகவே, தோழர்களே, நல்ல மனிதருக்காகக் காத்திருக்க வேண்டாம். நல்லவர் நல்லவராகவே இருக்கத்தக்க ஏற்பாட்டைக் கேட்போம். தொழிலாளியின் கண்முன் பாலைக் கலக்கி மாதிரி எடுக்க வேண்டும். எண்ணை உரக்கப் படித்து, அன்றே சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். கணக்கைக் கேட்டவருக்கும், பொய்க் கணக்கு எழுத மறுத்த கிராணிக்கும் வேலை போகக் கூடாது.

சம்பள காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் விதித்தது. அதை முதலாளியின் மனச்சாட்சிக்கு விட்டுவிடவில்லை. ஆனால் சட்டப் புத்தகம் தானாக நடந்து கொட்டகைக்கு வராது. கேட்பதற்கு ஆள் வேண்டும். தனியாள் கேட்டால் அவன் கலகக்காரன். சங்கம் கேட்டால் அது கணக்கு விசாரணை. சிதறிக் கிடந்த சங்கங்கள் 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாக ஒன்றுபட்டதன் பலம் அதுவே.

நாளைக் காலை தராசின் முன் நிற்கும்போது, வெட்கமின்றி, கோபமின்றி, "எண்ணைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். கிராணிமார்களே, காட்டுங்கள்! அது தொழிலாளியின் கூலியையும் காக்கும். நம் பெயரையும் காக்கும்.