நோய் தீர்ந்தவருக்கு மாற்றுச் சிறுநீரகம்

(சங்கக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் வைத்தியர்களுக்கு மட்டுமே உரியது என்று சிலர் எண்ணக்கூடும். அப்படியன்று. சிறுநீரகம் பழுதுபட்ட ஒருவர் கொரோனா நோயும் கண்டு சுகமடைந்தால், அவருக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தலாமா? பொருத்தலாமெனின் எப்பொழுது? இக்கேள்வி எவர் வீட்டு வாசலிலும் வந்து நிற்கக்கூடியது. சிறுநீரகத்தைக் கெடுப்பனவற்றுள் முதன்மையானவை நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும். இவை எட்டிப்பாராத குடும்பம் நம்மிடையே அரிது. இலங்கையின் வடமத்திய மாகாணத்திலோ, காரணம் தெளிவாகாத சிறுநீரக நோயொன்று 1990களிலிருந்து கமக்காரரை வாட்டி வருகிறது.

சிறுநீரகங்கள் இரண்டும் முள்ளந்தண்டின் இருமருங்கிலும் அமர்ந்து, இரவு பகலாக இரத்தத்தை வடித்துக் கழிவையும் மிகையான நீரையும் வெளியேற்றுகின்றன. அவை அறவே கெட்டால் பெரும்பாலோருக்கு வழி இரண்டு. ஒன்று, வாரம் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரமளவில், இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்திகரித்தல். மற்றது, பிறரொருவரின் சிறுநீரகத்தைப் பொருத்துதல். இயந்திரம் உயிரைக் காக்கும். ஆயினும் சிறுநீரகத்தின் வேலையில் ஒரு பகுதியையே அது செய்யும். தகுதியுள்ளவர்க்கு மாற்றுச் சிறுநீரகமே பொதுவாக நீண்ட ஆயுளையும் நல்ல வாழ்வையும் தருகிறது.

1954 டிசெம்பர் 23ஆம் நாள் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் டொக்டர் ஜோசப் மறே என்பார் இச்சிகிச்சையை முதன்முதலில் வெற்றியாக நடத்தினார். கொடுத்தவரும் பெற்றவரும் ஓருருவான இரட்டையர். ஆதலால் பெற்றவரின் உடல் புதிய உறுப்பை அந்நியமெனத் தள்ளவில்லை; அவர் மேலும் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். மறே அவர்களுக்கு 1990இல் நோபல் பரிசு கிடைத்தது. இரட்டையரல்லாதார்க்கோ, உடல் உறுப்பைத் தள்ளாதிருக்க அதன் எதிர்ப்புச் சக்தியை மருந்துகளால் அடக்கவேண்டும். அம்மருந்துகளை வாழ்நாள் முழுவதும் உட்கொள்ளவேண்டும். நம் பொருளின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. கிருமியை எதிர்க்கும் சக்தியும் அதுவே. உறுப்பைத் தள்ளும் சக்தியும் அதுவே. ஒன்றை அடக்கினால் மற்றதும் அடங்கும்.

2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கொரோனா உலகெங்கும் பரவியபொழுது, பல நாடுகளில் உறுப்பு மாற்றுச் சிகிச்சைகள் நிறுத்திவைக்கப்பட்டன. எல்லோரும் வீட்டிலிருங்கள் என்று அரசாங்கங்கள் கூறின. இயந்திரத்தை நம்பியிருப்பவர் எப்படி வீட்டிலிருப்பது? ஊரடங்கிலும் அவர் வாரம் மும்முறை வைத்தியசாலைக்குப் போய், பலர் கூடும் மண்டபத்திலே மணிக்கணக்காகக் கிடக்கவேண்டியிருந்தது. அவர்களிற் பலரை நோய் பற்றியது. முதல் அலையில் ஐரோப்பாவிலே, நோய் கண்ட சுத்திகரிப்பு நோயாளரில் ஏறத்தாழ ஐவருக்கு ஒருவர் 28 நாட்களுள் இறந்தனர். ஆகவே, சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடுவதும் ஆபத்தில்லாத வழியன்று. காத்திருத்தலுக்கும் ஒரு விலை உண்டு. அதை நோயாளியே கொடுக்கிறார்.

நோய் தீர்ந்தவர் விடயத்தில் வைத்தியர்களுக்கு இரண்டு அச்சங்கள் இருந்தன. உடலில் ஒளிந்திருக்கும் கிருமி, எதிர்ப்புச் சக்தியை அடக்கியவுடன் மீண்டும் தலைதூக்குமோ என்பது ஒன்று. நோயால் அடிபட்ட நுரையீரலும் இருதயமும் சத்திரசிகிச்சையைத் தாங்குமோ, இரத்தம் உறைந்து கட்டியாகுமோ என்பது மற்றது. பரிசோதனையும் எளிதில் வழிகாட்டவில்லை. நோய் தீர்ந்து பல வாரங்கள் சென்றபின்பும், இறந்துபோன கிருமியின் துணுக்குகள் சோதனையில் அகப்படுவதுண்டு. ஆகவே, சோதனைத் தாள் ஒன்றை மட்டும் பார்த்து ஒருவரைத் திருப்பியனுப்புவது நீதியாகாது என்பது மெல்ல மெல்லத் தெளிவாயிற்று.

இந்நிலையில் இந்தியாவிலிருந்து ஒரு நற்செய்தி வந்தது. அங்கே 22 நிலையங்களில், கொரோனா நோய் தீர்ந்த 75 பேருக்குச் சிறுநீரகம் பொருத்திய வரலாற்றை வைத்தியர்கள் ஒன்றுசேர்த்து 2021இல் வெளியிட்டனர். தொடர்ந்து கவனித்த காலத்துள் அவர்களில் ஒருவரும் இறக்கவில்லை. ஒருவரும் பெற்ற சிறுநீரகத்தை இழக்கவில்லை. நோய் தீர்ந்த 31 பேர் சிறுநீரகம் ஈந்த வரலாறும் அந்நாட்டிலிருந்தே வெளிவந்தது. இவற்றை நாம் மிகைப்படுத்தலாகாது. தொகை சிறிது, கவனித்த காலமோ சில மாதங்களே. ஆயினும், மூடியிருந்த கதவைத் திறக்கலாம் என்பதற்கு அவை சான்றாயின.

எப்பொழுது என்பதற்கு ஆரம்பத்தில், அறிகுறிகள் நீங்கி ஏறக்குறைய நான்கு வாரமாவது செல்லட்டும் என்று பலர் கூறினர். பின்னர், இலேசாக நோய் கண்டவர்க்கு அக்காலம் பல நிலையங்களிற் சுருங்கிற்று. கடுமையாக நோயுற்று ஒட்சிசன் துணையால் மீண்டவர்க்கோ, நுரையீரலையும் இருதயத்தையும் நன்கு சோதித்த பின்னரே முடிவு கூறுவர். நோய் எவ்வளவு கடுமையாயிருந்தது, உடல் எவ்வளவு தேறியது, தடுப்பூசி போட்டாயிற்றா, இயந்திரத்தோடு இன்னும் எத்தனை நாள் தாங்குவார் என்பனவெல்லாம் ஒரே தராசில் நிறுக்கப்படவேண்டியவை. நாட்காட்டியை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

தடுப்பூசி பற்றியும் ஒரு வார்த்தை. உறுப்புப் பெற்றோரிடையே 2021இல் அமெரிக்காவில் நடத்திய ஆய்வில், இரண்டு ஊசி போட்ட பின்பும் ஏறத்தாழப் பாதிப்பேரிடமே எதிர்ப்பொருள் காணப்பட்டது. ஆகவே இயன்றவரை சத்திரசிகிச்சைக்கு முன்னரே ஊசி போட்டுக்கொள்வது நன்று. அவரோடு ஒரே வீட்டில் வாழ்வோரும் போட்டுக்கொள்ளவேண்டும். அவர் உடல் கட்டமுடியாத வேலியை அவருக்காக நாம் கட்டுகிறோம்.

உலக சுகாதார நிறுவனம் கொரோனா அவசரநிலை முடிந்ததென 2023 மே மாதம் அறிவித்தது. கிருமியோ முற்றாகப் போய்விடவில்லை. நோயும் பயமும் மீண்டும் வரலாம். அப்பொழுது நாம் மறக்கலாகாதது யாதெனில், பயத்தினால் எதுவும் செய்யாதிருப்பதும் ஒரு செயலே. அதனாலும் உயிர் போகும்.

இளைஞர்களே, உங்கள் பெற்றோரின் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் காலந்தோறும் பரிசோதிப்பியுங்கள். வைத்தியசாலைக்குத் தனியே செல்லும் சுத்திகரிப்பு நோயாளர் உங்கள் வீதியில் இருந்தால், ஒரு நாளாவது துணையாகப் போய்வாருங்கள். பெரியோர்களே, உறுப்புத் தானத்தைப் பற்றி உங்கள் விருப்பம் எதுவோ, அதை வீட்டாரிடம் இன்றே வாய்விட்டுச் சொல்லிவையுங்கள். துயரம் வந்த வேளையில் அதனைத் தீர்மானிக்கும் பாரத்தைப் பிள்ளைகளின் தலையில் வைக்கவேண்டாம்.