பாமினி பழகிய விரல்களுக்கு வேலை இருக்கிறது



2020 ஏப்ரல் மாதம். கொரோனாவால் வேலை இழந்தவர்கள் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் உதவித்தொகை கேட்டுக் குவிந்தபோது, அந்த விண்ணப்பங்களைப் பார்க்கும் பழைய கணினி அமைப்பு திணறிப்போனது. ஆளுநர் பில் மர்பி செய்தியாளர்கள் முன்னால் வந்து, கோபோல் தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள் என்று வெளிப்படையாகவே கேட்டார். கோபோல் 1959இல் பிறந்த கணினி மொழி. அவர் தேடியவர்களில் பலர் ஓய்வுபெற்று வீட்டில் இருந்தவர்கள்.

நம்ம மலையகத்து உடப்புசல்லாவையில் கோபோல் தேவைப்படாது. ஆனால் இருபது, இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் கணினி வகுப்புக்குப் போய், பாமினியில் டைப் அடிக்கவும் பேஜ்மேக்கரில் பக்கம் கட்டவும் பொக்ஸ்புரோவில் கணக்குப் பதியவும் கற்றுக்கொண்ட அண்ணன்மார், அக்காமார் இங்கேயும் ராகலையிலும் வலப்பனைப் பக்கமும் இருக்கிறார்கள். "அதெல்லாம் பழசாப் போச்சு, இனி யார் கேக்கப் போறா" என்று சான்றிதழைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். அவர்களிடம்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

இலங்கையில் பல வருஷமாகத் தமிழ் அச்சு வேலையின் பெரும்பகுதி பாமினியில்தான் நடந்தது. கோயில் கும்பாபிஷேக மலர், பாடசாலை ஆண்டு மலர், தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரம், கவிதைத் தொகுப்பு எல்லாமே அதில்தான். பாமினி என்பது ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்த எழுத்துரு. 'தமிழ்' என்று அடித்தால் கணினிக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும். பாமினி இல்லாத ஃபோனில் அந்தக் கோப்பைத் திறந்தால் கண்ணுக்குத் தெரிவதும் அதுதான்.

இப்போது உலகம் முழுக்க, தமிழ் எழுத்துக்கே தனிக் குறியீடு தரும் யூனிகோட். 1991இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. பாமினியை யூனிகோடாக மாற்றும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறதே, ஆள் எதற்கு என்று கேட்பீர்கள். 'கொழுந்து' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். பாமினியில் முதலில் கொம்பு, அடுத்து ககரம், அதற்குப் பின் கால். யூனிகோடில் ககரம் முதலில் பதிவாகும், கொம்பும் காலும் ஒரே குறியாகப் பின்னால் வரும். அடித்தவர் அவசரத்தில் கொம்புக்குப் பிறகு ஓர் இடைவெளி விட்டிருந்தால் மாற்றும்போது எழுத்து உடைந்துவிடும். நடுவில் ஆங்கிலத்தில் ஒரு பெயரோ மின்னஞ்சல் முகவரியோ இருந்தால், அதையும் பாமினி என்று நினைத்து அர்த்தமில்லாத தமிழாக்கிவிடும். இந்தப் பிழையைக் கண்டதும் எங்கிருந்து வந்தது என்று சொல்லக்கூடியவர், அந்த விசைப்பலகையில் வருஷக்கணக்காக அடித்தவர்தான். மென்பொருள் அரை மணியில் முடிப்பதை ஒரு நாள் உட்கார்ந்து திருத்த அவர் வேண்டும். அந்த ஒரு நாளுக்குத்தான் கூலி.

பேஜ்மேக்கரும் அப்படித்தான். அதன் கடைசிப் பதிப்பு 7, 2001இல் வந்தது. அதற்குப் பதிலாக வந்த இன்டிசைனில் சிஎஸ்6 வரைதான் அந்தக் கோப்புகளைத் திறக்க முடியும், புதியவை திறக்காது. பேஜ்மேக்கர் உள்ள பழைய கணினியொன்றை ஓடும் நிலையில் வைத்திருப்பவரிடம் ஒரு தொழில் கருவி இருக்கிறது என்று அர்த்தம். பொக்ஸ்புரோவுக்கு மைக்ரோசொஃப்ட் 2015இல் ஆதரவை நிறுத்திவிட்டது. ஆனாலும் அதன் டி.பி.எஃப். கோப்பை லிப்ரே ஒபிஸ் என்ற இலவச மென்பொருளிலேயே திறக்கலாம். திறந்த பிறகு எந்த நிரலில் என்ன இருக்கிறது என்று புரிந்துகொள்ளத்தான் அனுபவம் தேவை.

என் மனதுக்கு மிக நெருக்கமான வேலை ஒன்று இருக்கிறது: தோட்டத் தொழிலாளரின் சேமலாப நிதிப் பதிவுகளைச் சரிபார்ப்பது. ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958இல் வந்தது. தொழிலாளியின் சம்பளத்தில் குறைந்தது நூற்றுக்கு 8, தோட்டம் குறைந்தது 12 கட்ட வேண்டும். 1992இல் தோட்ட நிர்வாகம் அரசிடமிருந்து கம்பனிகளுக்குக் கைமாறியது. ஆகவே முப்பது, நாற்பது வருஷம் கொழுந்து பறித்த ஓர் அம்மாவின் சேவை ஒரே இடத்தில் பதிவாகியிருக்காது. செக்ரோல் என்ற தோட்டத்துப் பெயர்ப் பதிவேட்டில் 'மாரியாயி', அடையாள அட்டையில் 'மாரியாய்', ஆங்கிலப் படிவத்தில் இன்னொன்று. ஓய்வுபெற்று சேமலாபப் பணத்துக்குப் போகும்போது இந்த ஓர் எழுத்து அவரை அலைய வைக்கிறது. அவர் வேர்வை சிந்திச் சேர்த்த பணம் அது. பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் பக்கத்தில் வைத்து, பிறந்த திகதியையும் அங்கத்துவ இலக்கத்தையும் பார்த்து ஒப்பிடுகிற பொறுமையான வேலையைத் தோட்டத்து ஒபிஸில் ஒப்பந்தத்துக்குக் கேட்டுப் பாருங்கள். பதிவுகளை மட்டும் பென்டிரைவில் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். அவை ஆட்களின் அந்தரங்கம், ஒபிஸிலேயே உட்கார்ந்து செய்யுங்கள்.

விண்ணப்பக் கடிதத்தில் "கணினி தெரியும்" என்று மட்டும் எழுதாதீர்கள். "பாமினிக் கோப்புகளை யூனிகோடாக்கி, மெய்ப்புப் பார்த்துத் தருவேன்" என்று எழுதுங்கள். கேட்பவருக்கு அதுதான் புரியும். ஒரு பக்கத்தை மாதிரிக்குச் செய்து காட்டிவிட்டு, பக்கக் கணக்கில் விலை பேசுங்கள். எத்தனை முறை திருத்தித் தருவீர்கள், முற்பணம் எவ்வளவு, எப்போது முடிப்பீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். தெரிந்தவர் என்றாலும் எழுதுங்கள், பிறகு மனக்கசப்பு வராது. மூலக் கோப்பைத் தொடாமல் ஒரு பிரதி எடுத்து, அதில் மட்டும் வேலை செய்யுங்கள்.

யூனிகோடுக்காகப் புதிதாக விசைப்பலகை பழக வேண்டுமோ என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி. என்.எச்.எம். ரைட்டர் என்ற இலவச மென்பொருளில் பாமினி விசையமைப்பு இருக்கிறது. விரல் பழகியபடியே அடிக்கலாம், திரையில் வருவது யூனிகோடாக இருக்கும்.

உங்கள் ஊர்க் கோயில் பரிபாலன சபையிலும், படித்த பாடசாலையின் பழைய மாணவர் சங்கத்திலும் முதலில் கேளுங்கள். பழைய மலர்களின் சீடிகள் பெரும்பாலும் அவர்கள் அலுமாரியில்தான் கிடக்கும். சீடி கீறல் விழுந்து படிக்க முடியாமல் போவதற்குள் கேட்பது நல்லது.