புதிய கருவிகளும் நம் பற்களும்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் படித்த மண்டபத்தில் நின்று பேசக் கிடைத்ததைப் பெரும் பேறாகக் கருதுகிறேன். பல் வைத்தியத்தில் வந்துள்ள புதிய தொழில்நுட்பங்களைப் பற்றி, எல்லாருக்கும் விளங்கும் தமிழில் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். அவற்றைச் சொல்வதோடு, அவற்றால் நோயாளிக்குக் கிடைக்கும் பலன் எதில் தங்கியுள்ளது என்பதையும் சொல்ல விரும்புகிறேன்.

எமது கல்லூரி தொடங்கிய காலத்தில், பல் வைத்தியரிடம் போவதென்றால் பெரும்பாலும் பல்லைப் பிடுங்குவதற்கே. இன்று பிடுங்குவது கடைசி வழி. இந்த மாற்றத்துக்குப் பல கருவிகள் துணை செய்தன. மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, பார்க்கும் கருவி. 1895 இல் றொன்ட்ஜன் எக்ஸ்றேயைக் கண்டுபிடித்தார். சாதாரண எக்ஸ்றே படம் தட்டையானது. முன்னும் பின்னுமாக உள்ள வேர்கள் அதில் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரியும். இன்றைய முப்பரிமாண எக்ஸ்றேயில் எலும்பின் தடிப்பு, நரம்பு செல்லும் பாதை, மறைந்திருக்கும் வேர் எல்லாவற்றையும் தனித்தனியே காணலாம். ஆனால் அதன் கதிர்வீச்சு சிறு பற்படத்தை விடக் கூடியது. ஆகவே தேவைப்படும் இடத்தில் மட்டுமே அதனை எடுக்க வேண்டும்.

இரண்டாவது, வேர்க் கால்வாய்ச் சிகிச்சை. நிக்கல், டைட்டேனியம் சேர்ந்த உலோகக் கலவையாலான மெல்லிய அரங்கள் 1988 முதல் ஆராய்ச்சிகளில் பேசப்பட்டன. பழைய உருக்கு அரம் வளைந்த வேருக்குள் நேராகப் போகவே பார்க்கும். இவை வேரின் வளைவோடு வளைந்து செல்லும். எனினும் இச்சிகிச்சையின் வெற்றிக்கு உதவும் எளிய பொருள் ஒன்று 1864 இலேயே வந்துவிட்டது. பல்லைச் சுற்றி மாட்டும் மெல்லிய இறப்பர் விரிப்பு அது. எச்சிலும் கிருமியும் வேருக்குள் போகாமல் தடுப்பது அதன் வேலை. எவ்வளவு விலையுயர்ந்த அரமும் அந்த வேலையைச் செய்யாது.

மூன்றாவது, இம்பிளான்ட். 1952 இல் சுவீடனைச் சேர்ந்த பிரனமார்க் முயலின் எலும்பில் இரத்த ஓட்டத்தை ஆராய்ந்தார். எலும்பில் பொருத்திய டைட்டேனியக் குழலைத் திருப்பி எடுக்க முடியவில்லை. எலும்பு அதனோடு ஒட்டி வளர்ந்திருந்தது. 1965 இல் அவர் முதன்முதலாக ஒருவரின் தாடையில் டைட்டேனியத் திருகாணிகளைப் பொருத்தினார். அந்த நோயாளி 2006 இல் காலமாகும் வரை, 40 ஆண்டுகளுக்கு மேலாக, அவை பயன்பட்டன.

இவற்றின் பலனை எப்படி அளப்பது? ஆராய்ச்சியாளர் இரண்டு கணக்கு வைப்பார்கள். வாயில் நிற்கிறதா என்பது ஒன்று. சுற்றியுள்ள முரசும் எலும்பும் நோயின்றி இருக்கின்றனவா என்பது மற்றொன்று. விளம்பரங்களில் பெரும்பாலும் முதலாவது கணக்கையே காண்பீர்கள். புகைப்பவருக்கும், சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கும், முரசு நோய் உள்ளவருக்கும் இரண்டாவது கணக்கு மோசமாகலாம். இம்பிளான்டுக்குச் சூத்தை வராது, ஆனால் அதைச் சுற்றியுள்ள எலும்பு கரையலாம்.

இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கனடா, இங்கிலாந்து, பிரான்ஸ், சுவிஸ் நாடுகளிலிருந்து உறவுகள் விடுமுறைக்கு வருவார்கள். அங்கே செலவு அதிகம். ஆகவே "இரண்டு கிழமைக்குள் எல்லாம் முடித்துத் தாங்கோ டொக்டர்" என்று கேட்பவர்கள் பலர். கேட்பதில் பிழையில்லை. ஆனால் எலும்பு விமானச்சீட்டுப் பார்த்து வளர்வதில்லை. கீழ்த்தாடைக்கு 3 மாதம், மேல்தாடைக்கு 6 மாதம் காத்திருப்பது பிரனமார்க் வகுத்த முறை. இன்று தகுதியான சிலருக்கு அதைக் குறைக்கலாம், எல்லாருக்கும் முடியாது. அவசரத்தில் நல்ல பற்களையும் அரைத்துக் கிறவுண் போட்டுவிட்டால், அரைத்த எனாமல் மீண்டும் வளராது.

ஆகவே, எந்த நாட்டில் சிகிச்சை பெற்றாலும் நான்கு கேள்விகள் கேளுங்கள். இந்தப் பல்லைக் காப்பாற்ற வழியில்லையா? நோயில்லாத பல் எத்தனை அரைக்கப்படும்? என் முரசு நோய்க்கு முதலில் சிகிச்சை செய்வீர்களா? நான் திரும்பிப் போன பின் இதை யார் பார்ப்பது? இம்பிளான்ட் வைத்தால் அதன் தயாரிப்பாளர் பெயர், அளவு, எக்ஸ்றேயின் பிரதி ஆகியவற்றைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு நிறுவனத்தின் திருகாணிக்கு வேறொன்றின் உதிரிப்பாகம் பொருந்தாமல் போகலாம். அந்தத் துண்டுக் கடதாசி பிறகு பெரிய செலவைத் தடுக்கும்.

இன்னொன்று, ஊரில் தனித்திருக்கும் பெற்றோரைப் பற்றியது. இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் தரும் என்பதைச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004 இல் வெளியிட்டது. வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் தழும்பு, இரண்டு கிழமையாகியும் ஆறாத புண், வாய் திறப்பது குறைதல் ஆகியவற்றைக் கண்டால் உடனே காட்டுங்கள். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் உயிர் தப்பும் வாய்ப்பு மிக அதிகம். அதற்கு முதலில் வேண்டியது ஒரு விளக்கும், ஒரு சிறு கண்ணாடியும், பார்க்கத் தெரிந்த கண்ணும்தான். அம்மாவோடும் அப்பாவோடும் தொலைபேசியில் பேசும்போது பிரஷரையும் சீனியையும் விசாரிக்கிறீர்கள். வாயையும் விசாரியுங்கள்.

புளோரைட் பற்பசையை உலக சுகாதார நிறுவனம் 2021 இல் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. இரவு படுக்குமுன் ஒரு தடவை, காலையில் ஒரு தடவை அதனால் பல் துலக்குங்கள். பேரப்பிள்ளைகளுக்கும் பழக்குங்கள். இதைச் செய்பவருக்கே நான் சொன்ன கருவிகள் எல்லாம் நீண்ட காலம் பலன் தரும்.

எமது கல்லூரி இன்னும் பல நூற்றாண்டு காண வாழ்த்துகிறேன்.