கையொப்பத்திற்கு முன்

(ஆலய மகளிர் பகுதியினர் நடத்திய பெற்றோர் கருத்தரங்கில் ஆற்றப்பெற்ற உரை)



மலேசியப் பள்ளிகளில் சிறப்புக் கல்வி ஒருங்கிணைப்புத் திட்டத்தில் பயிலும் மாணவர் ஒவ்வொருவருக்கும் தனிநபர் கல்வித் திட்டம் ஒன்று வகுக்கப்பெறுகிறது. ஆர்.பி.ஐ. என ஆசிரியர்கள் சுருக்கமாகக் குறிப்பிடுவது இதனையே. பிள்ளை இன்று எதனைச் செய்ய வல்லது, அடுத்து எதனை, எவ்வழியில், எக்காலத்திற்குள் கற்க வேண்டும் என்பன அதில் எழுதப்படும். அதற்கான சந்திப்பிற்குப் பெற்றோரும் அழைக்கப்படுகின்றனர். வருபவருள் பலர் நாற்காலியின் நுனியில் அமர்ந்து, காட்டிய இடத்தில் கையொப்பமிட்டு, நன்றி கூறி எழுந்துவிடுகின்றனர். பிள்ளைக்காகக் காவடி சுமக்கத் தயங்காத தாய், ஆசிரியர் முன் ஒரு வினா எழுப்பத் தயங்குகிறாள். பிள்ளையின் நிலை தன் முன்வினைப் பயன் என்று ஊரார் சொன்னதை அவளும் நம்பியிருப்பாள். அப்பேச்சு இனியேனும் நிற்பது நன்று.

வீட்டில் தமிழே கேட்டு வளர்ந்த ஏழு வயதுச் சிறுவன் ஒருவனைக் கருதுவோம். 'மினும்' என்னும் மலாய்ச் சொல்லுக்கு அவன் திரும்பியும் பார்ப்பதில்லை. "தண்ணி வேணுமாடா?" என்று பாட்டி கேட்டால் குவளையை எடுத்து நீட்டுகிறான். முன்னதை மட்டும் கண்ட ஆசிரியர், 'கட்டளைகள் விளங்குவதில்லை' எனக் குறிக்கிறார். அவர் கண்டதையே எழுதினார், அதில் பொய்யில்லை. ஆனால் பாட்டி கண்டதை எவரும் எடுத்துரைக்காவிடில், அவன் அறிந்தவற்றையே மீண்டும் கற்பிப்பதில் ஓராண்டு கழிந்துவிடும். மலாய் சரளமாக வாராத பெற்றோர் அம்மொழி அறிந்த அண்ணனையோ சித்தியையோ உடன் அழைத்துச் செல்வதில் வெட்கமில்லை. வீட்டில் பிள்ளை செய்பவற்றை ஒரு வாரம் நோட்டுப் புத்தகத்தில் குறித்து எடுத்துச் செல்வது அதனினும் மேல்.

சட்டமும் துணை நிற்கிறது. 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் கல்வி பெறும் உரிமையை ஏற்கிறது. எப்பிள்ளையையும் திருப்பி அனுப்பலாகாது என்னும் கொள்கையைக் கல்வி அமைச்சு 2019இல் நடைமுறைப்படுத்தியது. 2013ஆம் ஆண்டின் சிறப்புக் கல்வி விதிமுறைகள், பிள்ளையின் தகுநிலையை அறிய மூன்று மாதத்திற்கு மேற்படாத சோதனைக் காலத்தை வகுத்துள்ளன. ஆகையால் முதற்சந்திப்பையே தவறவிடுதல் ஆகாது.

இலக்குகள் எவ்வாறு எழுதப்படுகின்றன என்பதையும் நோக்குதல் வேண்டும். 'தன்னைப் பேணிக்கொள்ளுதல்' என்றால் நிறைவேறியதா என யார் அளப்பது? 'கழிவறைக்குச் செல்ல வேண்டுமெனச் சைகையால் தெரிவித்தல்' என்றெழுதினால், தாயும் ஆசிரியரும் ஒருங்கே சரிபார்க்கலாம். இவ்வாறு கேட்பது சண்டையாகாது. பல பிள்ளைகளை ஒரே வகுப்பில் கவனிக்கும் ஆசிரியருக்கு இது உதவியே.

படிவம் விளங்காவிடில், "வீட்டில் படித்துப் பார்த்துக் கையொப்பமிட்டுத் தருகிறோம், சிக்கு" என்று பணிவுடன் கூறிப் படியொன்றைக் கேட்டுப் பெறலாம். பள்ளியில் தீர்வு கிட்டாதபோது மாவட்டக் கல்வி அலுவலகத்திற்குக் கடிதம் எழுதலாம். மருத்துவ அறிக்கையும் ஓ.கே.யு. அட்டையின் நகலும் ஒரே கோப்பில் இருக்கட்டும். அடுத்த சந்திப்பு எந்நாளில் என்பதையும் எழுமுன் கேட்டு, அக்கோப்பின் மேலட்டையிலேயே எழுதிக்கொள்க.