ஆள் வந்தால் முதுமை தீருமா?

(பழைய மாணவர் சங்கமத்தில் ஆற்றிய உரை)



பத்து நிமிஷம்தான் என்று செயலாளர் அண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நேரே விஷயத்துக்கு வருகிறேன். ஜப்பானில் சில வருஷங்கள் வேலை பார்த்தவன் நான். அங்கே அடிக்கடி காதில் விழுந்த கேள்வி இது: முதியவர்கள் பெருகிவிட்ட நாட்டுக்கு வெளியிலிருந்து இளைஞர்களைக் கொண்டுவந்தால் பாரம் குறையுமா?

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஜப்பானில் 15 முதல் 64 வயது வரை உள்ளவர்கள் 1995-இல் சுமார் 8 கோடியே 70 லட்சம் பேர். 2023-இல் சுமார் 7 கோடியே 40 லட்சம். 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களோ நூற்றுக்கு 29 பேர். ஓய்வூதியம், வைத்தியம், பராமரிப்பு மூன்றுக்கும் பணம் பெரும்பாலும் சம்பாதிக்கிறவர்களின் சந்தாவிலும் வரியிலும் இருந்துதான் வரவேண்டும். கட்டுகிறவர் குறைந்து, வாங்குகிறவர் கூடினால் என்ன ஆகும்? இதைச் சொல்ல இன்ஜினீயரிங் படிக்க வேண்டியதில்லை.

வெளிநாட்டுக்காரன் வந்தால் அந்த நாட்டுக்கு உடனே லாபம் உண்டு. என் சம்பளச் சீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓய்வூதியச் சந்தா 18.3 சதவிகிதம்; பாதி கம்பெனி, பாதி நான். 40 வயது ஆகிவிட்டால், 2000 ஏப்ரலில் வந்த முதியோர் பராமரிப்புக் காப்பீட்டுக்கும் கட்டவேண்டும். என்னைப் படிக்கவைத்த செலவு என் அப்பாவுடையது, இந்தக் கல்லூரியுடையது. பலன் முதலில் போய்ச் சேர்ந்தது யாரோ ஒரு ஜப்பான் பாட்டிக்கு!

அப்படியானால் நிறையப் பேரைக் கூட்டிவந்தால் தீர்ந்துவிடுமா? அங்கேதான் கணக்கு உதைக்கிறது. ஐ.நா. மக்கள்தொகைப் பிரிவு 2000-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2050 வரை ஜப்பானில் வேலை வயதினரின் எண்ணிக்கை குறையாமல் இருக்க, வருஷத்துக்குச் சுமார் 6 லட்சம் பேர் வரவேண்டும். ஒரு முதியவருக்கு 4.8 வேலை வயதினர் என்ற 1995-ஆம் வருஷத்து விகிதம் மாறாமல் இருக்கவேண்டும் என்றாலோ, வருஷத்துக்கு 1 கோடி பேர்! தென்கொரியாவுக்கு இதே கணக்கைப் போட்டால் மொத்தம் 510 கோடி பேர். அப்போது உலக ஜனத்தொகையே சுமார் 600 கோடிதான்.

ஏன் இப்படி? வருகிறவனுக்கும் வயசாகும் அல்லவா! இன்று 25 வயதில் வருகிறவன் 40 வருஷத்தில் 65-ஐத் தொடுவான். அவனைத் தாங்க இன்னும் அதிகம் பேர் வேண்டும். ஆகவே குடியேற்றம் முதுமையை நிறுத்தாது. அவகாசம் வாங்கித் தரும், அவ்வளவே. அந்த அவகாசத்தில் உள்ளூர் வேலையையும் பார்த்தாகவேண்டும். 70 வயது வரை வேலை கொடுக்க நிறுவனங்கள் முயலவேண்டும் என்ற ஜப்பானியச் சட்டம் 2021 ஏப்ரலில் அமலுக்கு வந்தது அப்படித்தான்.

அந்த அவகாசமாவது கிடைக்குமா என்பது வந்தவர்களை எப்படி நடத்துகிறோம் என்பதைப் பொறுத்தது. 2008 முதல் இந்தோனேசிய செவிலியர்களை ஜப்பான் வரவழைத்தது. தேர்வோ ஜப்பானிய மொழியில். படுக்கைப் புண்ணை வீட்டில் ‘டோகோஸுரே’ என்பார்கள். தேர்வுத் தாளில் ‘ஜொகுசோ’, அதுவும் ஜப்பானியர்களே தடுமாறும் எழுத்தில். 2009-இல் எழுதிய 82 பேரில் ஒருவர்கூடத் தேறவில்லை. ஊரில் தேர்ந்த நர்ஸாக இருந்தவர்கள் அவர்கள்! பிரேசிலிலிருந்து வந்த ஜப்பானிய வம்சாவளியினர் கதை இன்னொன்று. 1990-இல் கதவு திறந்தது. பொருளாதாரம் சரிந்ததும் 2009-இல், ஊர் திரும்பச் சம்மதித்த தொழிலாளிக்கு 3 லட்சம் யென் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். இருபது வருஷப் பழக்கம், கற்ற மொழி எல்லாம் அவர்களோடு போயிற்று. வேரூன்றவிடாமல் நிழல் கிடைக்குமா?

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைப் பேறு 1.4 என்கிறது மாதிரிப் பதிவுத் திட்டத்தின் 2020 கணக்கு. இரண்டுக்கு மேல் இருந்தால்தான் ஜனத்தொகை நிலையாக நிற்கும். நம் கட்டடங்களிலும் மில்களிலும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் எத்தனை பேர்! நம்மில் பலர் வெளிநாட்டில். நம் பெற்றோர் இங்கே தனியாக. என் அம்மாவைப் பகலில் பார்த்துக்கொள்பவர் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு தங்கச்சி. அம்மாவுக்கு எங்கே வலிக்கிறது, எந்த மாத்திரை எப்போது என்று அவருக்குப் புரியவேண்டும். அதற்குத் தமிழ் வேண்டும். அவர் இங்கே தங்கவேண்டுமானால் அவர் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் வேண்டும், அவருக்கு வைப்புநிதியும் காப்பீடும் வேண்டும்.

வெளிநாட்டில் எனக்கு இவை கிடைக்கவேண்டும் என்று எதிர்பார்த்தேன். நியாயம்தானே? அதே நியாயம் இங்கே வருகிறவர்களுக்கும் உண்டு.

அதனால் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். கல்லூரி வகுப்பறைகள் மாலை ஆறு மணிக்கு மேல் காலியாகத்தான் கிடக்கின்றன. வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு அங்கே பேச்சுத் தமிழ் வகுப்பு தொடங்குவோம். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் நடத்தட்டும். புத்தகச் செலவு எங்கள் வகுப்பினுடையது. தோழர்களைக் கலந்துகொண்டுதான் சொல்கிறேன்.